இரத்தத்தில் புளோரின்: எடுக்கப்படாத கணக்கு

தெலுங்கானாவில் புளோரின் என்னும் பெயரைக் கேட்டவுடன் மக்கள் நினைவில் எழுவது நல்கொண்டா ஜில்லாவே. அங்குள்ள கிணற்று நீரில் கரைந்திருக்கும் புளோரைடு உப்பு, பற்களில் பழுப்புக் கறையையும், முதிர்ந்த நிலையில் எலும்புகளில் விறைப்பையும் வளைவையும் உண்டாக்கி, தலைமுறை தலைமுறையாக மக்களை வருத்தி வந்திருக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து அவ்வுப்பைப் படியச் செய்து நீக்கும் முறைக்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. அதே புளோரின், முற்றிலும் வேறானதொரு வடிவத்தில், உலகெங்குமுள்ள மனிதரின் இரத்தத்தில் கலந்திருக்கிறது. அதற்குப் படிகாரமும் உதவாது, சுண்ணாம்பும் உதவாது. நீரைக் காய்ச்சினாலும் அது போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

இயற்கையில் கிடைக்கும் புளோரைடு, உப்பாகக் கரைந்த தனி அயனி. நாம் இங்கே கருதும் பொருள்களிலோ புளோரின் அணுக்கள் கரியணுச் சங்கிலியோடு இறுகப் பிணைந்துள்ளன. கரியும் புளோரினும் சேர்ந்த பிணைப்பு, கரிம இரசாயனத்தில் அறியப்பட்ட மிக வலிய பிணைப்புகளுள் ஒன்று. வெப்பம், அமிலம், சூரிய ஒளி, மண்ணிலுள்ள நுண்ணுயிர் ஆகிய எதுவும் அதை எளிதில் அறுப்பதில்லை. எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது. 1938ஆம் ஆண்டில் ராய் பிளங்கெட் என்னும் அமெரிக்க இரசாயனர் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. தீயணைக்கும் நுரை, குரோமிய முலாம் பூசும் தொட்டிகளில் எழும் ஆவியை அடக்கும் திரவம், கறை படியாத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், மின்னணுச் சில்லுகளின் தயாரிப்பு எனப் பற்பல தொழில்களில் இவ்வினத்துப் பொருள்கள் இடம் பெற்றன. எந்தக் குணத்திற்காகத் தொழில் துறையினர் இவற்றைப் போற்றினரோ, அந்தக் குணமே இன்று இவற்றின் குற்றமாகிவிட்டது.

ஹைதராபாத்தின் வடகிழக்கிலுள்ள குஷாய்குடாவில் வாழ்வோருக்கு இவை அந்நியமான தொழில்கள் அல்ல. 1967ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. செர்லபள்ளி, மல்லாபூர், நாசாரம் ஆகிய தொழிற்பேட்டைகள் அருகிலேயே இருக்கின்றன. வீடும் பட்டறையும் ஒரே தெருவில் நிற்கும் பகுதிகளும் உண்டு. எந்தவொரு தொழிற்சாலையையும் குற்றஞ்சாட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய ஊர்களில் வாழும் மக்களின் இரத்தத்தில் இப்பொருள்கள் எவ்வளவு உள்ளன என்னும் கணக்கு பொதுமக்களின் உடைமையாக இருக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது.

இரத்தத்தில் இப்பொருள் இருப்பது தெரியவந்த வரலாறு சுவையானது. நம் நாட்டுப் பழைய ஆராய்ச்சி ஒன்றோடு உறவுடையதும்கூட. 1937ஆம் ஆண்டில், சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் கண்ட எலும்பு நோய்க்கும் குடிநீர்ப் புளோரைடுக்கும் உள்ள தொடர்பை எழுதி வெளியிட்டனர். அதன் பின்னர் உடலிலுள்ள புளோரைடை அளப்பது உலகின் பல இடங்களில் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அக்கலையில் தேர்ந்தவரான டொனால்டு டேவ்ஸ், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மனித சீரத்தை எரித்துச் சாம்பலாக்கிய பின் கிடைக்கும் புளோரைடு, எரிக்காமல் அளந்தால் கிடைப்பதைவிட அதிகமாக இருப்பதை அவர் கவனித்தார். வேறொருவராயின் கருவியின் கோளாறு என்று கருதி விட்டிருக்கக்கூடும். டேவ்ஸ் விடவில்லை. மனித சீரத்தில் புளோரின் இரு வடிவங்களில் உள்ளது என்று 1968ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1976இல், அவரும் கை, பிரே ஆகிய இருவரும் சேர்ந்து, டெக்ஸாஸ், நியூயார்க் மாநிலங்களின் இரத்த வங்கிகளிலிருந்து பெற்ற பிளாஸ்மாவை ஆராய்ந்தனர். குடிநீரில் புளோரைடு கூடினாலும் குறைந்தாலும் அந்த இரண்டாவது வடிவம் அதற்கேற்ப மாறவில்லை. ஆகவே அது நீரிலுள்ள உப்பிலிருந்து வந்ததன்று. தொழிற்சாலைப் பொருள்களிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அக்கருத்து சரியென்று உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி, இவ்வினத்தின் தலைமைப் பொருளாகிய பெர்புளோரோ ஆக்டேன் சல்போனேட்டைத் தயாரிப்பதைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. நீண்ட பெயராதலால் இனி 'சல்போனேட்' என்றும், அதன் உடன்பிறப்பாகிய பெர்புளோரோ ஆக்டனாயிக் அமிலத்தை 'ஆக்டனாயிக் அமிலம்' என்றும் சுருக்கிச் சொல்வேன்.

இனி அளக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். டி.டி.ட்டி. போன்ற பழைய நஞ்சுகள் உடற்கொழுப்பில் தங்குவன. இவை அவ்வாறல்ல. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வருகின்றன. ஆகையால் சீரத்தையே எடுத்து ஆராய்கின்றனர். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான சீரம் போதும். அதில் முதலில், கனமான கரியணு ஏற்றிய அதே சேர்மத்தை அளவறிந்து சேர்க்கின்றனர். இது சாட்சி போன்றது. பின்வரும் படிகளில் எவ்வளவு பொருள் வழியில் நழுவிப் போனாலும், சாட்சியும் அதே விகிதத்தில் நழுவுமாதலால், இறுதியில் உண்மை அளவைத் திருத்திக் கணக்கிடலாம். பின்னர் அசிட்டோநைட்ரைல் என்னும் திரவத்தைச் சேர்த்துப் புரதங்களை வீழ்த்தி, சுழற்றித் தெளிவித்து, தெளிந்த நீரை நுண்குழலொன்றின் வழியே செலுத்துகின்றனர். குழலிலிருந்து ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும். வெளிவந்ததும் அதற்கு எதிர் மின்னூட்டம் தந்து, எடைக்கேற்பப் பிரிக்கும் நிறமாலைமானிக்குள் அனுப்புவர். சல்போனேட் 499 என்னும் எடையில் தோன்றும். அதை மோதவிட்டு உடைத்தால் 80, 99 என்னும் எடையுள்ள துண்டுகள் கிடைக்கும். ஆக்டனாயிக் அமிலம் 413இல் தோன்றி, கரியமில வாயுவை இழந்து 369 ஆகும். வெளிவரும் நேரம், முழு எடை, உடைந்த துண்டின் எடை ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி, பொருள் இன்னதென்று ஒப்புக்கொள்ளப்படுவதில்லை.

இத்தனை காவல் இருந்தும் கள்ளன் நுழைய இடமுண்டு. பித்தநீரிலுள்ள ஓர் உப்பு அதே 499 எடையில் வந்து, உடைந்து, அதே 80 எடையுள்ள துண்டைத் தருகிறது. அதைப் பிரித்தறியாத ஆய்வுக்கூடம், இல்லாத சல்போனேட்டை இருப்பதாக எழுதிவிடும். மேலும், கருவியின் உட்குழாய்களே சில வேளைகளில் டெஃப்லானால் ஆனவை. தேடும் பொருளைத் தேடும் கருவியே சொட்டிக்கொண்டிருந்தால் என் செய்வது? அதற்காகக் குழாய்களை மாற்றுவர். மாற்ற இயலாதவிடத்து, கருவியின் கசிவைத் தாமதப்படுத்தும் தனிக் குழலொன்றை முன்னே பொருத்துவர். இரத்தம் வாங்கும் குப்பி, மூடி, கையுறை யாவற்றையும் வெறும் நீரைக் கொண்டு முன்னதாகவே சோதிப்பர். ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ 32 ஆண்டுகளில் ஒரு விநாடி. அத்தகைய நுட்பத்தில், கைதவறி விழுந்த தூசும் ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பற்றிப் பொய் சொல்லக்கூடும்.

இம்முறையில் நம் நாட்டு மக்களின் இரத்தத்தை முதன்முதலில் பிற நாட்டாரோடு ஒப்பிட்டவர்களுள் முதன்மையானவர் தமிழ் விஞ்ஞானி குருந்தாசலம் கண்ணன். அமெரிக்காவில் ஆல்பனி நகரிலுள்ள வாட்ஸ்வர்த் மையத்தில் பணியாற்றியபோது அவரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் ஒன்பது நாடுகளிலிருந்து 473 பேரின் இரத்த மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்தனர். முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளியாயின. அமெரிக்காவிலும் போலந்திலும் சல்போனேட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருந்தது. கொரியா, பெல்ஜியம், மலேசியா, பிரேசில், இத்தாலி, கொலம்பியா ஆகியவை இடையே நின்றன. இந்தியாவின் அளவு 3 நானோகிராமுக்கும் குறைவு. ஒன்பது நாடுகளில் கடைசி இடம். 2008இல் ஆசிய நாடுகளின் தாய்ப்பாலை ஆராய்ந்தபோதும் ஜப்பான் முதலிலும் இந்தியா கடைசியிலும் நின்றன.

கடைசி இடம் பெற்றதற்காக மகிழக்கூடிய பட்டியல்கள் சில உண்டு. இது அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த எண்ணை இன்றும் எடுத்துக்காட்டி, நமக்கு இத்தொல்லை இல்லை என்று சொல்வோர் அதன் பொருளை உணரவில்லை என்றே சொல்ல வேண்டும். அது நமது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலை. அன்று நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஒட்டாத வாணலியும் இல்லை, எண்ணெய் ஊறாத காகிதப் பொட்டலமும் இல்லை. அதன்பின் நம் வாழ்க்கை முறையும் தொழில்களும் மாறின. மறுபுறம் அமெரிக்காவில் நிகழ்ந்ததைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கு அரசாங்கமே தொடர்ந்து நடத்தும் உடல்நல ஆய்வின்படி, மக்களின் சீரத்தில் சல்போனேட்டின் சராசரி 1999-2000இல் 30.4 நானோகிராமாக இருந்தது, 2017-18இல் 4.25 ஆகக் குறைந்துவிட்டது. தயாரிப்பு நின்றதால் இரத்தமும் தெளிந்தது. அவ்வாறு தெளிந்ததை அவர்களால் சொல்ல முடிவது, விடாமல் அளந்து வந்ததனால்தான். அன்று நமக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி இன்றும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை.

பத்திரிகைகள் இப்பொருள்களுக்கு 'நிரந்தர இரசாயனங்கள்' என்று பெயரிட்டுள்ளன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இத்தொடர் எனக்கு உவப்பானதன்று. மண்ணில் இவை அழியாதிருப்பது மெய்யே. மனித உடலில் சல்போனேட் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும், ஆக்டனாயிக் அமிலம் பாதியாகக் குறைய மூன்று நான்கு ஆண்டுகளும் ஆகின்றன என்று ஓய்வுபெற்ற தொழிலாளரைத் தொடர்ந்து ஆராய்ந்து கணக்கிட்டுள்ளனர். நிரந்தரம் என்று சொல்லிவிட்டால், இனி என்ன செய்தென்ன என்னும் சோர்வு மக்களுக்கு உண்டாகும். உள்ளே வருவதை நிறுத்தினால் உள்ளதும் மெல்ல வடியும் என்பதே உண்மை நிலை. பெண்களுக்கு அது வடியும் வழிகளுள் ஒன்று குழந்தை என்பதுதான் நெஞ்சைச் சுடுவது. கருவிலிருக்கும்போது நச்சுக்கொடி வழியாகவும், பிறந்தபின் தாய்ப்பால் வழியாகவும் தாயின் பங்கில் ஒரு பகுதி குழந்தையைச் சேர்கிறது. இதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பாலின் நன்மை பெரிது. சேரும் வழியை அடைப்பதே முறை.

தீங்கு எத்தகையது? அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கை, தடுப்பூசிக்கு உடல் தரும் எதிர்ப்பாற்றல் குறைதல், இரத்தக் கொழுப்பு மிகுதல், சிசுவின் வளர்ச்சி குன்றுதல், சிறுநீரகப் புற்றுநோய் ஆகிய நான்கிற்கும் போதிய சான்று உண்டு எனக் கூறுகிறது. 2023ஆம் ஆண்டு இறுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஆக்டனாயிக் அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. இவ்விஷயத்தில் இதற்கு மேல் விரித்துரைப்பது மருத்துவர் வேலை.

நம் நாட்டில் செய்யத்தக்கது யாது? புதிய இயக்கம் தொடங்க வேண்டும், புதிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2016 முதல் 2018 வரை நம் சுகாதார அமைச்சகம் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடமிருந்தும் இளைஞர்களிடமிருந்தும் இரத்தம் முதலிய மாதிரிகள் பெறப்பட்டன. இரும்புச் சத்து, வைட்டமின்கள் முதலியவை அளக்கப்பட்டன. இரத்தத்தை முறையாக வாங்கி, குளிரில் வைத்து, நூற்றுக்கணக்கான மைல் கடந்து ஆய்வுக்கூடம் சேர்க்கும் திறமை நம்மிடம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆய்வில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சில நூறு மாதிரிகளில் அரை மில்லிலிட்டர் மிகுதியாக ஒதுக்கினால் போதும். பெரியோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்பேட்டைகளை அடுத்த ஊர்களைத் தனியே சேர்க்க வேண்டும். குஷாய்குடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. முன்னது குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. மக்களின் உணவையும் இரத்தத்தையும் ஆராய்வது அதற்குப் பழகிய பணி.

அளந்தால் மக்கள் அஞ்சுவர் என்று ஒரு தடை சொல்லப்படும். இந்நகரத்தின் அனுபவம் வேறு விதமானது. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை, ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோவாக்கிம் லார்சனும் அவருடைய குழுவினரும் 2007ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். சிப்ரோஃப்ளோக்சசின் என்னும் மருந்து மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. அதுவரை அந்நீரின் அமிலத் தன்மையையும் உயிர்வாயுத் தேவையையும் அளந்து வந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அவர்கள் அளந்தது வேறு. மக்களை அச்சுறுத்தியது அளவு அன்று; கழிவே. நிறமாலைமானியின் உதவி கிடைத்த பிறகுதான் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதே தெரிந்தது.

செலவு மிகும் என்பது அடுத்த தடை. இது உண்மையான தடை. கருவியின் விலை கோடியைத் தாண்டும். ஆனால் மருந்துக் கம்பெனிகள் நிறைந்த ஹைதராபாத்தில் இக்கருவியைக் கையாளத் தெரிந்த இளைஞர்கள் மிகப் பலர். பொது ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டியது நம்பகமான ஒப்பீட்டுத் திரவங்களும், ஒரே மாதிரியைப் பல இடங்களில் அளந்து முடிவுகளை ஒத்துப்பார்க்கும் ஒழுங்கும் ஆகும். அத்துடன் மாதிரியில் ஒரு பங்கை உறைய வைத்துச் சேமிக்க வேண்டும். ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகர மாணவரின் இரத்தத்தை 1980களிலிருந்து உறைய வைத்துச் சேமித்ததால், முன்னர் எவரும் எண்ணாத பொருள்களைக்கூடப் பின்னர் திரும்பிச் சென்று அளக்க அவர்களுக்கு முடிந்தது. இக்குடும்பத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உண்டு. இன்று பெயர் சொல்லி அளப்பவை சில டஜன். நாளை எது தேடப்படும் என்பதை இன்றைய குழுவினர் அறிய மாட்டார்கள். உறைந்த குப்பி காத்திருக்கும்.

காலம் கடத்துவதற்கும் இனி இடமில்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சல்போனேட் 2009இலும், ஆக்டனாயிக் அமிலம் 2019இலும் சேர்க்கப்பட்டன. 2006இல் அவ்வுடன்படிக்கையை ஏற்ற இந்தியா, பின்னர் சேர்க்கப்பட்டவற்றுள் ஏழு பொருள்களை 2020 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது; அவ்வேழில் இவை இரண்டும் இல்லை. இத்தாலியில் விசென்சா அருகே பெரும் நிலப்பரப்பின் குடிநீரைக் கெடுத்து, மூடப்பட்ட மித்தேனி என்னும் தொழிற்சாலையின் யந்திரங்கள், 2019இல் இந்தியக் கம்பெனி ஒன்றால் வாங்கப்பட்டு மகாராஷ்டிரத்தின் லோட்டே தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தன. அத்தொழிற்சாலையின் முன்னாள் நிர்வாகிகள் பதினொருவருக்கு 2025 ஜூன் மாதத்தில் இத்தாலிய நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. யந்திரம் ஓடத் தொடங்கும் முன்னரே சுற்றுப்புற மக்களின் இரத்தத்தை அளந்து வைத்திருந்தால், பின்னர் எவர் மீதும் வீண்பழி விழாது. எவரும் பழியிலிருந்து நழுவவும் முடியாது. அளவு தொழிலதிபருக்கும் காவல் என்பதை நம் தொழிற்சங்கங்களும் வர்த்தக சபைகளும் இன்னும் உணரவில்லை.

இறுதியாக ஒன்று. இரத்தம் தந்தவனுக்கு அவனுடைய எண்ணைச் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் சராசரியாகக் கரைந்துபோவதற்காக அவன் கையை நீட்டவில்லை. 'மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவன் அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவான். மேற்சொன்ன 2022ஆம் ஆண்டு அறிக்கை ஒரு வழி காட்டியுள்ளது. ஏழு சேர்மங்களின் கூட்டுத்தொகை 2 நானோகிராமுக்குக் கீழிருந்தால் தீங்கை எதிர்பார்க்க வேண்டியதில்லை; 2 முதல் 20 வரை இருந்தால் இரத்தக் கொழுப்பு முதலியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது; 20க்கு மேற்பட்டால் தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றையும் மருத்துவர் கவனிக்க வேண்டும். இதை நான்கு வாக்கியங்களில் எழுதிவிடலாம். எழுதும்போது 'இது நோயன்று. இதற்கென்று தனி மருந்தும் இல்லை. சேரும் வழியைக் குறைப்பதே செய்யத்தக்கது' என்பதையும் சேர்க்க வேண்டும். குஷாய்குடாவில் அக்கடிதம் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும், சில வீடுகளுக்குத் தமிழிலும் போக வேண்டியிருக்கும். அதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்.